சதுரங்கக் காய்களில் தேர்: பல்பொருள் கைவினை வழியாக ஒரு மீட்டுருவாக்கம்

முன்னுரை

சதுரங்கம் என்னும் சொல்லே நாற்படையைக் குறிப்பதாகும். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகளே பலகையில் காய்களாக நிற்கின்றன. இவற்றுள் தேரின் உருவம் இன்று நாம் வாங்கும் காய்களில் இல்லை; அதன் இடத்தில் கோட்டை நிற்கின்றது. ஆயினும் மலாய்மொழியில் அக்காயைத் ‘திர்’ என்பர். இது தமிழ்த் ‘தேர்’ என்பதன் திரிபாகும். உருவம் மறைந்த பின்னும் பெயர் வாழ்கின்றது. அப்பெயருக்குரிய உருவத்தை இந்நாட்டுப் பொருள்களைக் கொண்டு மீண்டும் அமைக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடிவமும் அளவும்

இன்று உலகெங்கும் வழங்கும் ஸ்டாண்டன் வடிவத்தை நத்தானியல் குக் 1849-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பதிவு செய்தார். அவ்வடிவம் நிலைபெற்றமைக்குக் காரணங்கள் உள்ளன. காய்கள் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தன. அகன்ற அடிப்பாகத்தால் எளிதில் சாயவில்லை. குதிரையின் தலை நீங்கலாகப் பெரும்பாலும் கடைசலிலேயே செய்ய முடிந்தது. புதிய வடிவம் எதுவாயினும் இத்தேவைகளை நிறைவு செய்தல் வேண்டும்; இல்லையேல் அது காட்சிப் பொருளாகவே நின்றுவிடும்.

எனவே அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பு பரிந்துரைக்கும் உயரங்களைக் கைக்கொள்வது நன்று. அரசன் 9.5 செ.மீ., அரசி 8.5, அமைச்சர் 7, குதிரை 6, கோட்டை 5.5, காலாள் 5 செ.மீ. என்பன அவை. அடிப்பாகத்தின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 விழுக்காடு வரை அமையலாம். தேரைச் செய்வோர் கோட்டையின் உயரத்தையும் தட்டையான தலைப்பகுதியையும் மாற்றாமல், உடலின் இருபுறமும் சக்கரத்தைப் புடைப்பாகப் பதித்தால் போதும். ஆடுபவர் தடுமாறார்; தேரும் புலப்படும்.

பொருள்களின் இயல்பு

வெண்காய்களுக்கு ரப்பர் மரமும் கருங்காய்களுக்குச் செங்கால் மரமும் ஏற்றவை. சாயமின்றியே ஒன்று வெளிறியும் மற்றொன்று பழுப்பாகவும் இருக்கும். ஆனால் ரப்பர் மரத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோ. செங்காலுக்கோ 900 கிலோவுக்கு மேல். ஆகவே ஒரே அளவில் கடைந்தாலும் இரு படைகளும் கையில் ஒரே எடையாக இரா. அடியில் துளையிட்டு இரும்புத் துண்டை வைத்து, வெண்காய்களில் சற்றுக் கூடுதலாகச் சேர்த்து, இரு படையின் எடையையும் சமப்படுத்த வேண்டும். பழைய காய்களில் இதற்குக் காரீயம் பயன்பட்டது. நச்சுத்தன்மையுடைய அதனை மாணவர் கையாளுதல் கூடாது.

முடிக்கும் சக்கரத்திற்கும் வெள்ளீயக் கலவை பொருந்தும். தூய வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும். சிறிதளவு அந்திமனி, செம்பு சேர்க்க அது உறுதி பெறும். நான்கு தேர்களுக்கு எட்டுச் சக்கரங்கள். அனைத்திற்கும் ஓர் அச்சே போதும். அச்சில் ஈரம் இருப்பின் அது நீராவியாகி உருகிய உலோகத்தைத் தெறிக்கச் செய்யும். எனவே அச்சு முற்றிலும் உலர்ந்திருத்தலும் பயிற்சியுடையார் வார்த்தலும் இன்றியமையாதவை.

இணைப்பு

மரம் காற்றின் ஈரத்திற்கேற்ப விரிந்து சுருங்கும், உலோகம் அவ்வாறன்று. திறந்த பட்டறையில் செய்த காயைக் குளிரூட்டிய அறையில் வைத்தால் மரம் சுருங்கும். அப்போது வெளியே பூட்டிய வளையம் தளரும். உள்ளே இறுகச் செருகிய உலோகத் தண்டோ மரத்தையே பிளக்கும். ஆதலால் நன்கு உலர்ந்த மரத்தையே கடைதல் வேண்டும். உலோகத்தின் செருகுமுனை குறுகியதாகவும், துளை சற்றுத் தளர்வாகவும் இருத்தல் வேண்டும். இடைவெளியை நெகிழும் பசை நிரப்பும். இறுதியாக அடியில் கம்பளித் துணி ஒட்டப்படும்.

முடிவுரை

இப்பொருள்கள் வெறும் மூலப்பொருள்கள் அல்ல. ரப்பர் மரம் தோட்டத் தமிழரின் உழைப்பை நினைவூட்டும். வெள்ளீயம் இந்நாட்டு ஈயச் சுரங்கங்களையும், செங்கால் திரெங்கானுப் படகுகளையும் நினைவூட்டும். இவற்றால் ஆன தேரைக் கையில் எடுக்கும் மாணவனுக்கு, ‘திர்’ என்னும் சொல் மலாய்மொழிக்கு எங்கிருந்து வந்தது என்பதை நீண்ட விளக்கமின்றி உணர்த்தலாம். அகராதியில் மட்டும் எஞ்சியுள்ள ஓர் உறவைக் கண்ணுக்கும் கைக்கும் புலனாக்குவது தமிழாசிரியர்க்கும் உரிய பணியேயாகும்.