நஞ்சும் நிரூபணமும்



நான் இரசாயன பாடம் நடத்திய காலத்தில், உப்புப் பகுப்பாய்வில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. கரைசலில் வெள்ளி நைட்ரேட்டை விட்டவுடன் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். உடனே "குளோரைடு" என்று ஏட்டில் எழுதிவிடுவார்கள். கார்பனேட்டும் வீழ்படிவு தரும் என்பதை மறந்துவிடுவார்கள். "நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பார்த்தாயா, தம்பி?" என்று கேட்பேன். அவர்கள் இழந்தது இரண்டு மதிப்பெண்தான். அதே வகைப் பிழை ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பிய வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

ஐயத்திற்கிடமாக இறந்த குழந்தை தனக்கு நேர்ந்ததைச் சொல்ல இயலாது. அதற்காகப் பேசும் சாட்சி இரசாயனமே. 1836-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேயர், மிகச் சிறிதளவு பாஷாணத்தையும் கண்டறியும் முறையை வெளியிட்டார். அதன்பின் நஞ்சூட்டிய பலர் சட்டத்தின் பிடியில் அகப்பட்டனர். ஆனால் சாட்சி கூறுவதைச் சரியாகக் கேட்பதும் நம் கடமையன்றோ?

1989-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மூன்று மாதக் குழந்தை ஒன்று வாந்தியாலும் மூச்சுத் திணறலாலும் அவதியுற்றது. அதன் இரத்தத்தில் எத்திலீன் கிளைக்கால் இருப்பதாகச் சோதனைச்சாலை அறிவித்தது. மோட்டார் வண்டியின் நீர் குளிரில் உறையாதிருக்க ஊற்றும் நஞ்சு அது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தனர். தாய் வந்து பார்த்துப் பால் புகட்டிச் சென்றபின் அது மீண்டும் நோயுற்று, செப்டம்பரில் இறந்தது. 1991-இல் தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்கிடையே, 1990-இல், காவலில் இருந்த அத்தாய்க்கு இன்னொரு மகன் பிறந்தான். தாயின் கை படாமலே வளர்ந்த அவனுக்கும் அதே அறிகுறிகள் தோன்றின! அவனுக்கு இருந்தது மீதைல்மலோனிக் அசிடீமியா என்னும் பிறவி நோய். புரதத்தின் சில பகுதிகளை உடலால் முறையாகச் சிதைக்க முடியாமற்போக, புரொப்பியானிக் அமிலம் இரத்தத்தில் தேங்கும்.

செய்தியறிந்த செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் வில்லியம் ஸ்லையும் ஜேம்ஸ் ஷூமேக்கரும் முதற் குழந்தையின் இரத்தத்தை மீண்டும் ஆராய்ந்தனர். முதற் சோதனையின் முறை இது: இரத்தத்திலுள்ள பொருள்களை ஆவியாக்கி நீண்ட குழாயில் செலுத்துவர்; ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். புரொப்பியானிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளிவந்ததால், ஒன்றை மற்றொன்றாகக் கொண்டுவிட்டனர். ஷூமேக்கர் மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியையும் பயன்படுத்தினார். நஞ்சு இல்லை, அமிலமே இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் பியெரோ ரினால்டோவும் தனியே ஆராய்ந்து, குழந்தை அந்நோயினாலேயே இறந்தது என்றார். 1991 செப்டம்பரில் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது.

தாய் விடுதலை பெற்றாள், குழந்தை திரும்பவில்லை. நோயைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தால், தக்க உணவாலும் மருத்துவத்தாலும் அதைக் காக்க முயன்றிருக்கலாம். தவறான முடிவு தாயைத் தண்டித்ததோடு, சேய்க்குரிய சிகிச்சையையும் மறைத்துவிட்டது.

குழந்தைகளுக்குத் தீங்கிழைப்போர் உலகில் இருக்கத்தான் செய்கின்றனர்; அவர்களைக் கண்டுபிடிக்கவே இச்சோதனைகள் வேண்டும். ஆயினும், ஒரு சோதனை "இது நஞ்சு" என்று சொல்லும்போது, "வேறு எதுவும் இவ்வாறு தோன்றுமா?" என்று கேட்டு, வேறொரு வழியிலும் சோதித்துப் பார்ப்பவனே உண்மையான ஆராய்ச்சியாளன். அந்தப் பழக்கத்தை உங்கள் பள்ளிச் சோதனைக்குழாயிலிருந்தே தொடங்குங்கள்.