குஞ்சுக்கு முன் கூடு: 25 கோழிகளோடு ஒரு வீட்டுத் தொழில்

கடையில் கொடுக்கல் வாங்கல் மந்தமாகும் காலங்களில் எம்மவர் பலருக்கும் தோன்றும் யோசனை ஒன்றுண்டு. "பின் வளவு சும்மாதானே கிடக்கிறது, கொஞ்சம் கோழி வளர்த்தால் என்ன?" என்பதே அது. 2022ஆம் ஆண்டு டொலர் தட்டுப்பாட்டால் தீனி கிடைக்காமல் பண்ணைகள் முடங்கி முட்டை விலை ஏறியதையும், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டதையும் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை இன்னும் வலுவாகவே தோன்றும்.

யோசனை பிழையல்ல. ஆனால் நம்மில் அநேகர் இதனைத் தலைகீழாகத் தொடங்குகின்றோம். முதலில் குஞ்சு, பிறகு கூடு, கடைசியில் கணக்கு. இந்தப் பத்தியை எழுதுபவனும் அப்படித்தான் தொடங்கினான்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் 25 குஞ்சுகளை வாங்கி வந்தேன். கூடு கட்டவிருந்த மேசன் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார். தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டைப் பெட்டியில் குஞ்சுகளை விட்டு, மேலே ஒரு மின்குமிழைத் தொங்கவிட்டேன். இரவு மின்சாரம் தடைப்பட்டது. சுபஹுக்கு எழுந்து பார்த்தபோது 11 குஞ்சுகள் செத்துக் கிடந்தன. குளிர் தாங்காமல் பெட்டியின் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியதில், அடியில் அகப்பட்டவை மூச்சுத் திணறிச் செத்திருந்தன. கூடு முடிவதற்கு முன் கீரி ஐந்தைக் கொண்டுபோனது. முட்டையிடும் பருவத்துக்கு வந்தவை ஒன்பது மாத்திரமே. கடையில் சரக்கு இறக்குவதற்கு முன் களஞ்சியத்தைத் துப்புரவாக்கும் நான், உயிருள்ள சரக்கை இறக்கும்போது அதைச் செய்யவில்லை.

கூடு எப்படி அமைய வேண்டும்?

முட்டைக்கோழி ஒன்றுக்குக் கூட்டினுள் 2 சதுர அடி இடம் தேவை. 25 கோழிகளுக்கு 50 சதுர அடி, அதாவது 10 அடி நீளமும் 5 அடி அகலமும் போதும். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் உள்ளே அடிக்காது. தரையை நிலமட்டத்திலிருந்து ஓர் அடி உயர்த்தி சீமெந்து பூசினால் மழை வெள்ளமும் எலி வளையும் தொல்லை தராது. சுற்றுச்சுவர் ஒன்றரை அடி உயரம் போதும். அதற்கு மேல் கூரை வரை அரை அங்குலக் கம்பிவலை அடிக்க வேண்டும். பெரிய கண்ணுள்ள வலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, பாம்பையும் எலியையும் கீரிக்குட்டியையும் வெளியே வைத்திருக்காது.

கூரைக்குத் தகரம் மலிவு என்றாலும் நண்பகலில் கூடு அடுப்பாகிவிடும். தகரம்தான் முடியும் என்றால் அதன் மேல் கிடுகு பரப்புங்கள். தாழ்வாரம் 2 அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். வாடைக்காற்று மழையில் சாரல் உள்ளே அடித்தால் தரையில் பரப்பிய உமி நனையும். ஈர உமியே துர்நாற்றத்துக்கும், ஈக்கும், இரத்தக்கழிச்சல் நோய்க்கும் காரணம். அயலவரின் முறைப்பாடும் அங்கிருந்தே தொடங்கும். வீடுகள் நெருங்கிய எமது ஊர்களில் அண்டை வீட்டாரின் மனம் நோகாமல் தொழில் செய்வது மார்க்கக் கடமை மட்டுமல்ல, தொழில் நிலைப்பதற்கான வழியும் ஆகும். கூட்டைக் கிணற்றிலிருந்தும் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்தும் தள்ளி அமையுங்கள். முட்டை விற்பனைக்குச் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பேடு முட்டையிடும், அதிகாலைக் கூவலும் இராது. பிரதேச சபையின் அனுமதி வேண்டுமா என்பதையும் அத்திவாரம் வெட்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கோழிக்கு ஒன்று வீதம் ஓர் அடிச் சதுரமான முட்டைப் பெட்டிகள் ஐந்தை இருட்டான மூலையில் வையுங்கள். வாசல், மண்வெட்டியோடு ஆள் நுழையும் அகலத்தில் இருக்கட்டும். கழிக்கும் உமியும் எருவும் வீணல்ல, மரக்கறித் தோட்டக்காரர் காசு கொடுத்து வாங்குவர்.

முதல் மூன்று வாரங்கள்

ஒரு நாள் குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காக்கும் சக்தி இல்லை. முதல் வாரம் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். அட்டைப் பெட்டி வேண்டாம். தகரத்தை அல்லது தடித்த அட்டையை ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளைத்து வையுங்கள். வட்டத்தில் மூலை இல்லை, ஆகவே குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெரிபடும் ஆபத்துக் குறைவு. 4 அடி விட்டமுள்ள வட்டம் 25 குஞ்சுகளுக்குப் போதுமானது.

குஞ்சொன்றுக்கு 2 வோட் என்ற கணக்கில் பழைய இழை மின்குமிழ் 60 வோட் போதும். மலைநாட்டில் இரண்டு வேண்டியிருக்கும். எல்.ஈ.டி. மின்குமிழ் இதற்கு உதவாது, அதில் வெளிச்சம் உண்டே தவிர வெப்பம் இல்லை. மின்வெட்டுக்கு மாற்றும் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். மண்சட்டியில் சிரட்டைக் கரித்தணலைச் சாம்பலால் மூடி, குஞ்சு நெருங்காதபடி வலையிட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கலாம். அதைக் கவனிக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே கணக்குச் சொல்லும். மின்குமிழின் கீழ் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் வெப்பம் அதிகம். பரவி நின்று கொத்தித் தின்றால் எல்லாம் சரி.

குஞ்சு வந்தவுடன் முதலில் தண்ணீர், பிறகே தீனி. 8 வாரம் வரை குஞ்சுத் தீனி, 18 வாரம் வரை வளரும் கோழித் தீனி, அதன் பின்னரே முட்டைக்கோழித் தீனி. மிச்சமிருக்கிறது என்பதற்காக முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள கூடுதல் கல்சியம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

தடுப்பூசியில் சிக்கனம் கூடாது. ராணிக்கெட், கம்போரோ, அம்மை ஆகிய மூன்றுக்கும் எந்த நாளில் எது என்ற அட்டவணையை உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மருந்துக் குப்பி பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான அளவில் வருவதாலும், திறந்தால் சில மணித்தியாலங்களுக்குள் முடிக்க வேண்டியிருப்பதாலும், அயலில் வளர்ப்போர் ஒரே நாளில் சேர்ந்து போடுவது இலாபம். இந்தத் தொல்லைகளைச் சமாளிக்க முடியாது என்று எண்ணுபவர்கள், தடுப்பூசி போட்ட ஒரு மாதக் குஞ்சுகளை வாங்கலாம். விலை கூடினாலும், முதல் மாதத்தில் வரக்கூடிய நட்டத்தை வேறொருவர் சுமந்துவிட்டார் என்பதற்கான விலை அது.

கொப்பியில் எழுத வேண்டிய கணக்கு

முட்டைக்கோழி 18 முதல் 20 வாரத்திலேயே இடத் தொடங்கும். ஆக ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குச் செலவு மட்டுமே, வரவில்லை. இக்காலத்தில் ஒரு கோழி 8 கிலோ வரை தின்னும். 25 கோழிகளுக்கு 200 கிலோ. இந்தத் தீனிக்கான பணத்தைக் கைவசம் ஒதுக்கிவிட்டே குஞ்சு வாங்க வேண்டும். கடை முதலில் கைவைக்கும் நிலை வரக்கூடாது.

இடத் தொடங்கிய பின் கோழியொன்று நாளொன்றுக்குச் சுமார் 115 கிராம் தின்னும். நூறு கோழிக்கு 80 முட்டை என்ற நிலையில், ஒரு கிலோ தீனிக்கு 7 முட்டை கிடைக்கும். 60 ஆகக் குறைந்தால் அதே கிலோவுக்கு 5 முட்டைதான். அந்த நிலையில் கோழியை இறைச்சிக்கு விற்றுவிடுவதே புத்தி. எமது நாட்டில் பகல் 12 மணித்தியாலம் அளவிலேயே இருப்பதால், முட்டை குறையாதிருக்க இரவில் 3, 4 மணித்தியாலம் கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும். இதற்கு எல்.ஈ.டி. மின்குமிழ் தாராளம்.

குஞ்சுப் பருவத் தீனி, குஞ்சு விலை, மருந்து, கூட்டின் தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்தால், 4 முட்டைக்கு ஒரு கிலோ தீனியின் விலை அளவுக்குச் செலவாகும் என்று சுமாராகக் கொள்ளலாம். ஆகவே பரீட்சை இலகுவானது. உங்கள் ஊரில் இன்று ஒரு கிலோ தீனி என்ன விலை? நீங்கள் விற்கக்கூடிய விலையில் 4 முட்டை எவ்வளவு? முட்டையின் தொகை கூடினால் தொடங்குங்கள். குறைந்தால், வீட்டுத் தேவைக்குப் பத்துக் கோழியோடு நிறுத்திச் சமையலறை மிச்சத்தையும் சேர்த்துக் கொடுத்து வளருங்கள். அதைத் தொழில் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள்.

சந்தைக் காலத்தையும் மறக்க வேண்டாம். நோன்புப் பெருநாளை ஒட்டி வட்டிலப்பத்துக்காக வீட்டுக்கு வீடு முட்டை தேடுவர். டிசம்பரில் கேக் செய்வோர் தேடுவர். அந்த நாட்களில் கோழி நன்றாக இட வேண்டுமானால் ஆறு, ஏழு மாதங்களுக்கு முன்னரே குஞ்சு இறங்கியிருக்க வேண்டும். பெருநாள் ஆண்டுதோறும் 10, 11 நாட்கள் முன்னகர்வதால், நாட்காட்டியைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

இரண்டாம் முறை நான் கூட்டைக் கட்டி முடித்து, ஒரு வாரம் காய விட்டு, உமி பரப்பி, மின்குமிழை ஓரிரவு முழுவதும் எரியவிட்டுப் பார்த்த பின்னரே குஞ்சு வாங்கினேன். 25இல் 24 வளர்ந்தன. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில் எனக்குப் புதிதாக எந்த அறிவும் வந்துவிடவில்லை. வேலையின் வரிசையை மாற்றினேன், அவ்வளவுதான்.