அம்பாசடர் மலையேறும்போது

1995 ஆகஸ்டில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஃபெர்ண்டேலில் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்துத் திடல் தேவைப்பட்டது. பணம் திரட்ட, நெல்சன் ஹவுஸ் என்பவரும் சில தன்னார்வலர்களும் பழைய கார் வைத்திருப்பவர்களை உட்வர்ட் சாலைக்கு அழைத்தார்கள். பந்தயமெல்லாம் இல்லை. மெல்ல ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். வேடிக்கை பார்க்க இரண்டரை லட்சம் பேர் திரண்டுவிட்டார்கள். இப்போது ஆண்டுதோறும் ஏறத்தாழ 40,000 பழைய கார்கள் அங்கே ஊர்ந்து போகின்றன.

அப்படி ஒரு நற்பணி ஊர்வலத்தைக் கள்ளக்குறிச்சியில் கிளப்பி, கச்சிராயப்பாளையம், கோமுகி அணை வழியே கல்வராயன்மலை ஏற்றி வெள்ளிமலைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? முதலில் ரேடியேட்டர்கள் கொதிக்கும்.

எரிகிற பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சம் வெப்பம். அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். இன்னொரு பெரும்பகுதியை ரேடியேட்டர் தண்ணீர்தான் சுமந்து போய்க் காற்றில் கொட்ட வேண்டும். வேகமாகப் போனால் எதிர்க்காற்றே குளிர்வித்துவிடும். ஊர்வலத்தில் அந்தக் காற்று இல்லை. இன்றைய கார்களில் மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும். பழைய அம்பாசடரில் விசிறியும் தண்ணீர் பம்பும் பெல்ட் வழியாக என்ஜினோடு கட்டப்பட்டவை. என்ஜின் மந்தமானால் அவையும் மந்தம். அதனால்தான் அனுபவசாலிகள் ஏற்றத்தில் திணறத் திணற டாப் கியரில் ஓட்டாமல் முன்கூட்டியே கியரைக் குறைக்கிறார்கள். இரைச்சல் கூடும், ஆனால் விசிறியும் வேகமாகச் சுழலும்.

கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை உடனே திறக்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் நீராகவே இருக்கிறது. திறந்த கணம் அழுத்தம் விழும். தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும்.

அடுத்தது கார்புரேட்டர். 1959க்குப் பிறகு வந்த அம்பாசடரின் 1489 சிசி என்ஜினில், எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கணினி தீர்மானிக்கவில்லை. கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியும் துளையும் தீர்மானித்தன. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. தேவைக்கு மேல் பெட்ரோல் விடும், வண்டி கரும்புகை கக்கும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு விசித்திரம். மலையடிவாரக் கச்சிராயப்பாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது, சுற்றிலும் கரும்பு. கரும்பின் வழியாகப் பிறக்கும் எத்தனால் இன்று பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிய அதற்குக் குறைந்த காற்று போதும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு அளவெடுத்த கார்புரேட்டரில் இதனால் பெட்ரோல் பற்றாக்குறை போன்ற நிலை உண்டாகிறது. மலைக்காற்று ஒரு பக்கம் இழுக்க, எத்தனால் மறுபக்கம் இழுக்கிறது. இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். தரையில் சற்றுத் தடுமாறிய வண்டி மலைமேல் ஒழுங்காக ஓடினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆனால் அந்த எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். புறப்படும் முன் குழாய்களை மாற்றுவது நல்லது.

ஏறியாயிற்று. இறங்குவதுதான் ஆபத்து. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றல் சுமார் 88 லட்சம் ஜூல். 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். பிரேக்கை மட்டும் நம்பினால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி நான்கு இரும்பு பிரேக் டிரம்களுக்குள் போய்விடும். சூடான டிரம் விரிந்து உள்ளிருக்கும் பிரேக் ஷூவை விட்டு விலகுகிறது. மிதி ஆழமாகப் போகிறது. ஷூவின் மேலுள்ள லைனிங்கும் பிடிப்பை இழக்கிறது. பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், மிதிக்கிற மிதி குமிழியை நசுக்குவதிலேயே வீணாகும்.

எனவேதான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது. ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வரும் வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடுகிறது. பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் சக்கரங்கள் அடங்குகின்றன. ஏறும்போது வெப்பத்தில் தவித்த அதே என்ஜின் இப்போது பிரேக்கின் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, அந்த வெப்பத்தைப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே தள்ளுகிறது.