சொந்தக் கூரை இல்லாத ரீம்கள்: லண்டன் கூடைப்பந்தாட்டத்துக்கு நாளை உண்டா?

அமெரிக்காவின் என்பிஏ, சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமான ஃபிபாவோடு சேர்ந்து ஐரோப்பாவுக்கென்று ஒரு புதிய லீக்கைத் தொடங்கப் பார்க்கிறது. 2027 தான் இலக்கு. லண்டன், மான்செஸ்டர் இரண்டு நகரங்களின் பெயரும் அடிபடுகின்றன. ஆனால் லண்டனில் ஏற்கெனவே லண்டன் லயன்ஸ் இருக்கிறது. பெரும் பணத்தோடு இன்னொரு ரீம் வந்து இறங்கினால் இரண்டும் பிழைக்குமா?

இந்தக் கேள்வி லண்டனுக்குப் புதிதில்லை. 1990களில் இங்கே லண்டன் ரவர்ஸ், லெப்பர்ட்ஸ் என்று இரண்டு பரம எதிரிகள் இருந்தார்கள். 1996இல் ரவர்ஸ் லீக்கை வென்றது. அடுத்த இரண்டு வருடமும் லெப்பர்ட்ஸ். ரவர்ஸ் யூரோலீக் வரைக்கும் போய் விளையாடியது. இன்று எங்கட பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால், 'அது யார்?' என்றுதான் கேட்பார்கள். லெப்பர்ட்ஸ் 2003இல் லீக்கை விட்டுப் போனது, ரவர்ஸ் 2006இல். லெப்பர்ட்ஸ் கொடிகட்டிப் பறந்த லண்டன் அரீனாவையும் இடித்துவிட்டார்கள்.

லயன்ஸின் கதையும் வாடகைக் கதைதான். மில்ற்றன் கீன்ஸில் விளையாட மண்டபம் இல்லாமல் 2012இல் லண்டனுக்கு வந்த ரீம் அது. ஒலிம்பிக்குக்குக் கட்டிய கொப்பர் பொக்ஸ் அரங்கம் அதற்கு வீடானது. பிறகு மயாமியைச் சேர்ந்த 777 பார்ட்னர்ஸ் அதை வாங்கியது. லீக்கிலும் ஏறக்குறையப் பாதிப் பங்கை எடுத்தது. 2024 ஏப்ரலில் லயன்ஸ் பெண்கள் ரீம் யூரோகப் மகளிர் கிண்ணத்தை வென்றது. எந்தப் பிரித்தானியக் கழகமும் அதுவரை தொடாத உயரம் அது. அதற்குள் முதலாளியின் பணம் வற்றிவிட்டது. அடுத்த பருவத்தில் அந்த ரீமே களத்தில் இல்லை. அந்த வருடமே பழைய லீக்கின் உரிமம் பறிபோய், கழகங்கள் சேர்ந்து சுப்பர் லீக்கைத் தொடங்கின. ஆண்கள் ரீமை லித்துவேனியாவின் ரெசொனெற் நிறுவனம் காப்பாற்றியது. 2025இல் இன்னொரு குழுவுக்கு 15 வருட உரிமம் என்று கூட்டமைப்பு அறிவிக்க, கழகங்கள் எதிர்க்க, திரும்பவும் சண்டை.

இத்தனைக்கும் காரணம் ரசிகர் குறைவு என்று நான் நம்பவில்லை. உதைபந்தாட்டக் கழகம் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும், ஆனால் ஊரோடு இருக்கும். ஃபிரான்சைஸ் என்பது கடை லைசென்ஸ் மாதிரி. முதலாளி நொடித்தால் கதவு பூட்டு. கிண்ணம் வென்றதையும் பார்க்க மாட்டார்கள்.

இதை எங்கட சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் பலவும் வாடகை மண்டபத்தில்தான் நடக்கின்றன. வாடகை ஏறினால் இடம் மாறும், இடம் மாறினால் பிள்ளைகள் குறையும். கோயில்களோ மெல்ல மெல்லச் சொந்தக் கட்டடம் வாங்கின, அதனால் நிலைத்தன.

சூடானிலிருந்து அகதியாகத் தெற்கு லண்டனுக்கு வந்த லூல் டெங், என்பிஏயில் இரண்டு தடவை ஒல் ஸ்ரார் ஆட்டக்காரன் ஆனார். அவரை முதலில் வளர்த்தது பெரிய ஃபிரான்சைஸ் இல்லை, பிரிக்ஸ்ரனின் உள்ளூர்க் கழகம். அங்கே ஒரு மண்டபமும் ஒரு பயிற்றுநரும் இருந்தது போதுமாக இருந்தது.

ஆகவே புதிய ரீம் வரட்டும், போட்டி நல்லதுதான். ஆனால் ரிக்கெற் வாங்க முதல் நாங்கள் கேட்க வேண்டியது: சொந்த அரங்கம் கட்டுவீர்களா? பெண்கள் ரீமுக்கு எத்தனை வருட உத்தரவாதம்? பிரிக்ஸ்ரன் மாதிரி உள்ளூர்க் கழகங்களுக்கு என்ன கொடுப்பீர்கள்? இதற்குப் பதில் இல்லாத ரீம், எத்தனை கோடி கொட்டினாலும், ரவர்ஸ், லெப்பர்ட்ஸ் போன வழியில்தான் போகும்.

எங்கட பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. பழைய மாணவர் சங்கங்கள் கிரிக்கெற், உதைபந்து, வலைப்பந்து என்று கோடையில் போட்டி வைக்கின்றன. கூடைப்பந்தையும் சேர்க்கலாம். ஈஸ்ற்ஹாமில் இருப்பவர்களுக்கு ஸ்ராற்ஃபோர்ட் பக்கம்தான். லயன்ஸ் ஆட்டத்துக்குப் பிள்ளைகளை ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கோ.