அம்மி கொத்துவதும் கோல்ஃப் பந்தும்

‘புதுப் பந்துதானே, அதற்குள் ஏன் இத்தனை பள்ளம்?’ என்று நல்லம்பள்ளி வாசகர் ஒருவர் கோல்ஃப் பந்தைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார். நல்லம்பள்ளியில் கோல்ஃப் மைதானம் இல்லை. உதகைக்கோ கோடைக்கானலுக்கோ ஏறினால் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆட்ட விதிகளை விட்டுவிடுவோம். வாசகர் கேட்டது பந்தைப் பற்றி, அதுவே பெரிய விஷயம். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்று கறாராக விதி வகுத்தவர்கள், பள்ளங்களின் எண்ணிக்கையை மட்டும் பந்து செய்பவர்களிடமே விட்டுவிட்டார்கள். பெரும்பாலும் 300 முதல் 500 வரை இருக்கும். ஒவ்வொன்றின் ஆழமும் சுமார் கால் மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டரைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிட்டால், அதே அடிக்குப் பந்து ஏறக்குறையப் பாதித் தூரம்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற ஒருவர் 200 கஜம் தாண்டி அடித்துவிட்டு, அந்த ஒரு அடியை ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். அதில் பாதி அவர் தோளின் சம்பாத்தியம். மீதி பள்ளங்களின் சம்பாத்தியம்.

இதை முதலில் கண்டுபிடித்தது விஞ்ஞானி அல்ல. ஸ்காட்லாந்தில் ஒரு காலத்தில் தோல் உறைக்குள் வாத்து இறகைத் திணித்துத் தைத்த பந்தில் ஆடினார்கள். விலை அதிகம், மழையில் நனைந்தால் வீண். 1848 வாக்கில் மலாயாவிலிருந்து வந்த கட்டாபர்ச்சா என்ற மரப்பால் பந்து அதன் இடத்தைப் பிடித்தது. அந்த மரம் நம் இலுப்பையின் குடும்பம். வெந்நீரில் பாலை இளக்கி உருட்டினால் பந்து தயார். மலிவு, அழகு, கண்ணாடி போல வழுவழுப்பு. ஆனால் புதுப் பந்து கொஞ்ச தூரம் போய்த் தொப்பென்று விழுந்தது. கோல் பட்டுப் பட்டு வெட்டும் கீறலும் விழுந்த பழைய பந்தோ ஒழுங்காகப் பறந்தது. ஆட்டக்காரர்கள் இதைக் கவனித்துச் சொன்னார்கள். பந்து செய்பவர்கள் காது கொடுத்தார்கள். உளிமுனைச் சுத்தியலை எடுத்துப் புதுப் பந்தை வரிவரியாகக் கொத்தியே விற்க ஆரம்பித்தார்கள். நம் தெருக்களில் ‘அம்மி கொத்தலையோ’ என்று கூவி வருபவர் செய்கிற அதே வேலை. வழவழத்துப் போன அம்மியில் மிளகாய் வழுக்குமே தவிர அரைபடாது என்பதை அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பிறகு முள்முள்ளாகப் புடைத்த பந்து வந்தது. 1905-இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் புடைப்பைத் தலைகீழாக்கிப் பள்ளமாக மாற்றிக் காப்புரிமை வாங்கினார்.

சொரசொரப்பு என்றால் உராய்வு, உராய்வு என்றால் வேகத்தடை. அப்படியிருக்கப் பள்ளம் எப்படி வேகத்தைக் காப்பாற்றும் என்று கேட்பது நியாயம். தொப்பூர் கணவாய்ச் சாலையோரம் நின்று பார்த்தால் விடை தெரியும். லாரி ஒன்று கடந்து போனதும் தூசும் சருகும் காகிதமும் அதன் பின்னாலேயே ஓடும். லாரி கிழித்துப் போன காற்று உடனே வந்து சேராததால், பின்புறம் அழுத்தம் குறைந்த ஒரு சுழல் பிரதேசம் உண்டாகிறது. அது தூசியை மட்டுமல்ல, லாரியையும் பின்னுக்கு இழுக்கிறது. உருண்டையான பொருளுக்கு மேற்பரப்பு உராய்வு சில்லறைச் செலவு. இந்தப் பின்னிழுப்புத்தான் பெரிய செலவு. வழுவழுப்பான பந்தை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம், பந்தின் இடுப்பைத் தாண்டுமுன்பே களைத்துப் பிரிந்துவிடும். பின்னால் அகன்ற சுழல். பள்ளங்கள் அந்தப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. வெளியே விரையும் காற்று உள்ளே கலந்து படலத்துக்குத் தெம்பு கொடுக்க, அது பந்தின் முதுகுப் பக்கம் வரை ஒட்டிக்கொண்டு போகிறது; சுழல் ஒடுங்குகிறது. சில்லறையைக் கூடுதலாகச் செலவழித்து நோட்டை மிச்சம் பிடிக்கிற கணக்கு இது.

அப்படியானால் லாரிக்கும் பள்ளம் போடலாமே? போட்டுப் பயனில்லை. லாரியின் பின்பக்கம் வெட்டிவிட்டாற்போல் சதுரம். எவ்வளவு தெம்புள்ள காற்றானாலும் அந்த விளிம்பில் பிரிந்தே தீரும். மீன் போல ஒடுங்கிய உடலுக்கோ சுழலே சிறிது. அங்கே பள்ளம் வீண் உராய்வு. ஆனாலும் சில விமானங்களின் இறக்கை மேல் விரல் நீளத் தகடுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். காற்று பிரியக்கூடிய இடத்தில் அதைக் கலக்கிவிடும் அதே தந்திரம்தான்.

எடின்பரோ பேராசிரியர் பி. ஜி. டெய்ட் இதே பந்தின் இன்னொரு பாதியை அவிழ்த்தார். அவருடைய மகன் ஃபிரெடி, 1896, 1898 ஆண்டுகளில் அமெச்சூர் சாம்பியன். சாதாரண எறிபொருள் கணக்கு காட்டுவதைவிடக் கோல்ஃப் பந்து ஏன் அதிக நேரம் காற்றில் நிற்கிறது என்பது டெய்ட்டின் புதிர். முறுக்கில்லாத நாடாவின் ஒரு முனையைப் பந்தில் ஒட்டி, மறுமுனையைக் கட்டி, பந்தைக் களிமண்ணுக்குள் அடிக்கச் செய்தார். நாடாவில் எத்தனை முறுக்கு விழுந்ததோ, பந்து அத்தனை சுற்று சுழன்றிருக்கிறது! பின்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று மேலே தூக்குகிறது என்பது அப்படி உறுதியானது. ஒரு நாடாவும் ஒரு கூடைக் களிமண்ணும் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்கும்.

பள்ளத்துக்கான விளக்கம் அதற்கும் பிந்தி வந்தது. 1912-இல், கோபுரம் கட்டிய அதே ஐஃபல், காற்றுச் சுரங்கத்தில் ஓர் உருண்டையை வைத்து, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இழுப்பு திடீரெனக் குறைவதைக் கண்டார். 1914-இல் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில், உருண்டையைச் சுற்றி ஒரு கம்பி வளையம் மாட்டி, காற்றுப் படலத்தைக் கலக்கினாலே இழுப்பு குறையும் என்று காட்டினார். கைக்குத் தெரிந்தது ஏட்டுக்கு வர அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கைக்கே தெரியுமென்றால் ஏடு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பள்ளம் ஆழமானாலும் கெடுதல், மேலோட்டமானாலும் கெடுதல். லாரிக்கு ஏன் உதவாது என்பதும் சுத்தியலுக்குத் தெரியாது. ஏடு தேவை. ஆனால் ‘பழைய பந்து நன்றாகப் பறக்கிறது’ என்று சொன்னவனை அன்று யாராவது அதட்டி உட்கார வைத்திருந்தால், ஏட்டில் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஒகேனக்கல் பரிசல்காரருக்குப் பாறையின் முதுகில் எந்த இடத்தில் தண்ணீர் பிரிந்து சுழல்கிறது என்பது துடுப்பிலேயே தெரியும். அவரை வகுப்புக்கு அழைத்து ஒரு மணி நேரம் பேசவிட்ட பள்ளிகள் நம் மாவட்டத்தில் எத்தனை? பந்தில் ஏன் பள்ளம் என்று கேட்ட வாசகர் ஒன்று செய்யலாம். அடுத்த முறை அம்மி கொத்துபவர் தெருவுக்கு வரும்போது, எவ்வளவு ஆழத்தில் உளியை நிறுத்துகிறார், ஏன் என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவைக்கலாம்.