செல்லைக் கழுவிவிட்டால் மிச்சம் என்ன?

2008-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஓட், டோரிஸ் டெய்லர் குழு, இறந்த எலியின் இதயத்துக்குள் ரத்தக்குழாய் வழியாகவே எஸ்டிஎஸ் கரைசலை ஓடவிட்டது. பல ஷாம்பூக்களில் நுரைக்காகச் சேர்ப்பார்களே, அதே பொருள்தான். செல்கள் கரைந்து வெளியேறின. இதய வடிவம் குலையாமல், வெளிறிய கூடு ஒன்று மிஞ்சியது.

இதுதான் எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ். செல்வெளிச் சட்டகம்னு வச்சுக்கலாம். கொலாஜன், எலாஸ்டின், லாமினின், சர்க்கரைச் சங்கிலிகள் எல்லாம் சேர்ந்து, செல்களே சுரந்து கட்டிக்கொண்ட வீடு.

சரி, வடிவம்தானே வேணும், பிளாஸ்டிக்ல அச்சடிச்சா ஆகாதா? சட்டகம் வெறும் சாரம் இல்லை, செல்லுக்குத் தகவலும் சொல்கிறது. 2006-ல் எங்லர், டிஷர் குழுவினர் ஒரே வகை ஸ்டெம் செல்களை வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தார்கள். மூளை போல மெத்தென்ற ஜெல்லில் நரம்புச் செல்லின் சாயல் வந்தது. தசையளவு விறைப்பில் தசைச் சாயல், இன்னும் கெட்டியானதில் எலும்புச் சாயல்.

அதனால கழுவுறதுலதான் சூட்சுமம். குறைவாகக் கழுவினால் பழைய செல்களின் டிஎன்ஏ தங்கி, உடலின் எதிர்ப்பைத் தூண்டும். உலர் எடையில் மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்கணும் என்பது பரவலான அளவுகோல். அதிகமாகக் கழுவினாலோ வளர்ச்சிக் காரணிகளும் சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்தே போய்விடும். வீடு நிற்கும், தகவல் இருக்காது.

அந்த எலி இதயக் கூட்டில், புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் இதயச் செல்களைச் செலுத்தினார்கள். 4-ம் நாள் துடிப்பு தெரிந்தது. 8-ம் நாள், மின்தூண்டலோடு, வளர்ந்த இதயத்தின் திறனில் சுமார் 2 சதவீதம் பம்ப் செய்தது.

வெறும் 2 தானேன்னு தோணலாம். ஆனால் நோயாளியின் சொந்தச் செல்களையே இப்படிக் குடியேற்ற முடிந்தால், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்கும் ஆபத்து பெரிதும் குறையும். மீதி 98-க்கான வேலைதான் இப்போதும் நடக்கிறது.