தீப்புண்ணுக்குப் பாரஸீக வைத்தியம்

சென்ற கரும்பு ஆட்டக் காலத்தில் ஒரு கிராமத்துச் சங்கத்தின் கணக்குகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபொழுது, அண்டையிலுள்ள ஆலைக் கொட்டகையினின்று கூக்குரல் எழுந்தது. கொப்பரையில் காய்ந்துகொண்டிருந்த பாகு தெறித்து, அங்கத்தினர் ஒருவருடைய பிள்ளையின் முன்கை வெந்துபோயிற்று. ஒருவர் மசியைக் கொட்டச் சொன்னார். மற்றொருவர் சாணத்தை அப்ப முனைந்தார். பெரியவர் ஒருவர், பட்டணத்து ஹக்கீமிடம் முன்னர் வாங்கிய களிம்பு தம் வீட்டிலிருப்பதாகவும், அது பாரஸீக முறைப்படி செய்ததென்றும் கூறி, அதைக் கொணர ஆளனுப்பினார். பக்கத்திலேயே தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அதை நினைத்தவர் முதலில் எவருமில்லை. நானும் திகைத்து நின்றவனே.

அக்களிம்பைப் பற்றி அங்கத்தினர்கள் பின்னர்க் கேட்ட கேள்விகளே இக்கட்டுரைக்குக் காரணம். நம் நாட்டில் யுனானி என வழங்கும் வைத்தியம் கிரேக்கர்களிடம் தோன்றி, அரபு மொழி வாயிலாகப் பாரஸீகத்தில் செழித்து, பின்பு இந்தியாவுக்கு வந்ததாகும். அதற்குப் பெரும்புகழ் தந்தவர்கள் இருவர். ஒருவர், இன்றைய டெஹரான் நகரையடுத்த ரே என்னும் ஊரிற் பிறந்து, அங்கும் பக்தாதிலும் ஆஸ்பத்திரிகளுக்குத் தலைவராயிருந்த ராஸி. மற்றவர் 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு ஸீனா. இவர் அரபு மொழியில் ஐந்து பாகங்களாக இயற்றிய 'கானூன்' என்னும் நூலை ஐரோப்பிய வைத்தியக் கலாசாலைகளிலும் பல நூற்றாண்டுகள் பாடமாக வைத்திருந்தனர்.

தீப்பட்ட இடத்தைக் குளிர்ந்த நீரால் ஆற்றவேண்டுமென்பது ராஸியின் முதல் விதி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்விதியை இக்காலத்து டாக்டர்களும் கைக்கொள்கின்றனர். பாரஸீக வைத்தியத்தில் நாம் தயக்கமின்றி ஏற்கத்தக்கது இதுவேயென்பது என் கருத்து, காசும் செலவில்லை.

தீப்புண் வைத்தியத்துக்கு இப்னு ஸீனா இரண்டு நோக்கங்களைக் கூறினார்: கொப்புளம் எழாமற் காத்தல், வெந்த இடத்தை ஆற்றுதல். முதலாவதற்குக் குளிர்ச்சி தரும் பூச்சுகள்; இரண்டாவதற்கு உலர்த்தும் களிம்புகள். முட்டையின் வெண்கரு, ரோஜாத் தைலம், மெழுகு ஆகியவை இவற்றில் அடிக்கடி வருவன. சுண்ணாம்புக் களிம்பும் உண்டு. சுண்ணாம்பு தோலை அரிக்குமே என்று கேட்கலாம். அதனாலேயே, நீற்றிய சுண்ணாம்பை நீரிற் கரைத்து, தெளிந்த நீரை வடித்தெறிந்து, இவ்வாறு ஏழு முறை கழுவி, காரம் நீங்கிய பின்னரே எண்ணெயுடன் குழைத்தனர். நம் வீடுகளில் சுண்ணாம்புத் தெளிநீரைத் தேங்காயெண்ணெயுடன் அடித்துப் பூசும் வழக்கம் இதற்கு நெருங்கிய உறவுடையது. கழுவாத சுண்ணாம்பை அப்படியே அப்புவதோ புண்ணின்மேல் புண்ணைச் செய்வதாகும்.

இனி, அஞ்சத்தக்கதைச் சொல்லவேண்டும். பழைய பாரஸீகக் களிம்புகளிற் பெயர்பெற்ற ஒன்று, காரீயத்தைப் புளித்த காடியின் ஆவியில் வைத்து எடுக்கும் வெண்தூளால் ஆனது. காரீயம் விஷம், தோலுரிந்த புண்ணின் வழியே உடம்பில் ஏறக்கூடும், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். அக்காலத்தார் இதனை முற்றும் அறியார், நாம் அறிவோம். பச்சை முட்டையும் வேண்டுவதில்லை. அதிலுள்ள கிருமிகள் புண்ணைச் சீழ்ப்பிடிக்கச் செய்யலாம். தேனின் நிலைமை வேறு. புண்களுக்குத் தேனிடும் அவ்வைத்தியர்களின் வழக்கத்தை இக்காலப் பரிசோதனைகளும் ஓரளவு ஆதரிக்கின்றன. ஆழமில்லாத தீப்புண் சுத்தம் செய்த தேன்கட்டினால் விரைவில் ஆறுவதாகக் கண்டுள்ளனர். ஆயினும் கடைத்தெருத் தேனை அதற்கு நம்பலாகாது.

ஆகவே, தீப்பட்டவுடன் மோதிரம், வளையல்களைக் கழற்றி, இருபது நிமிஷமாவது குளிர்ந்த நீரை அவ்விடத்தில் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். பனிக்கட்டி கூடாது. கொப்புளத்தை உடைக்கலாகாது; ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது. சுத்தமான துணியால் தளர மூடினாற் போதும். புண் உள்ளங்கையளவினும் பெரிதானாலும், முகம், கை, மூட்டு ஆகியவற்றில் பட்டாலும், வெளுத்தோ கருகியோ வலியற்றிருந்தாலும், பட்டவர் குழந்தையானாலும், எந்தக் களிம்பும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோதல் வேண்டும். வலியில்லையென்று மகிழ்பவர் பலர். ஆழ்ந்து வெந்த இடத்தில் உணர்ச்சி நரம்பே அழிந்துபோவதால் வலியில்லை.

அன்று ஒருவழியாய்ப் பிள்ளையின் கையில் தொட்டித் தண்ணீரை விட்டு, பின்பு வண்டியிலேற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கை ஆறிவிட்டது, மணிக்கட்டருகே சிறு தழும்புண்டு. பெரியவரின் டப்பியிலிருந்த களிம்பில் காரீயம் உண்டா என்று கேட்டதற்கு, அவருக்கும் தெரியவில்லை. அது திறக்கப்படாமலே வீடு திரும்பிற்று. இப்பொழுது அச்சங்கத்தார் ஆலைக் கொட்டகையில் ஒரு குடம் நல்ல நீரும், துவைத்து உலர்த்திய வேட்டித் துணியும் தனியே வைத்திருக்கிறார்கள்.